ரேமுக்குத் தமிழ்ச்சொல்: 'புழங்கு நினைவகம்' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ரேமுக்கு, அதாவது கணினி ஓடும்போது கைவேலைக்கு வைத்துக்கொள்ளும் நினைவகத்துக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன வாரம் நான் கேட்ட ஒற்றை வரிக் கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதியதில் மகிழ்ச்சி. தனித்தனியாக மறுமொழி போட்டால் பேச்சு சிதறிவிடும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர் ஞாயிறு மதியம் கணினி அடிப்படை சொல்லித் தருகிறோம். வருகிறவர்கள் கட்டுமானத்திலும் கிடங்கிலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். ஊருக்குத் திரும்பும்போது கணினிப் பழுது பார்க்கும் வேலைக்கோ ஹெல்ப் டெஸ்க் வேலைக்கோ போகும் அளவுக்குத் தேறிவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சிலர் காம்ப்டியா ஏ பிளஸ் என்ற கணினித் தொழில்நுட்பச் சான்றிதழ்த் தேர்வுக்கும் படிக்கிறார்கள். அதில் இரண்டு தாள்: முதல் தாளில் வன்பொருள், இரண்டாவதில் இயங்குதளம். தேர்வு ஆங்கிலத்தில்தான். ஆனால் விஷயம் மண்டையில் ஏறுவது தமிழில்.

அந்தத் தம்பிகளில் ஒருவர் ஒரு நாள் இரவு ஃபோன் செய்தார். பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். விண்டோஸ் அப்டேட் ஏறமாட்டேன் என்கிறது, இடம் போதவில்லை என்று திரையில் வருகிறது என்றார். நான் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். "நினைவகம் நிறைஞ்சு போச்சு தம்பி, அதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வரும்போது கையில் 8 ஜிபி ரேம் துண்டு ஒன்று. நிலைமின் தடுப்பு உறைக்குள் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். 45 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கியிருக்கிறார். கடைக்காரர் மேல் குற்றமே இல்லை. தம்பி கேட்டதைத்தான் கொடுத்தார்.

பின்மூடியைத் திறந்தோம். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வைத்தார். துண்டைச் சாய்வாகச் சொருகிக் கீழே அமுக்கினார். இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று விழுந்தது. அத்தனையும் சரியாகச் செய்தார். கணினி 16 ஜிபி என்று காட்டியது. அப்டேட் மட்டும் ஏறவில்லை. சி டிரைவைத் திறந்து பார்த்தால் பட்டை சிவப்பாக இருந்தது. 128 ஜிபியில் மிச்சம் மூன்று ஜிபிகூட இல்லை. தற்காலிகக் கோப்புகளையும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடந்த படங்களையும் அழித்தோம், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு காசு செலவில்லை. "அண்ணே, நீங்கதானே நினைவகம்னு சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது. அவருடைய ஓவர்டைம் காசு என் ஒரு சொல்லால் போனது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் எங்கள் பாடத்தாளை எடுத்துப் பார்த்தேன். விண்டோஸ் 11 நிறுவக் குறைந்தபட்சத் தேவை என்ற பட்டியலில் நாங்களே 'நினைவகம் 4 ஜிபி' என்று எழுதி, இரண்டு வரி தள்ளி 'நினைவகம் 64 ஜிபி' என்றும் எழுதியிருக்கிறோம். முதலாவது ரேம், இரண்டாவது வட்டு. படிக்கிற பிள்ளை எதை எதென்று எடுத்துக்கொள்ளும்?

இந்தக் குழப்பம் தமிழில் பிறந்ததில்லை என்று மலேசியாவின் ஈப்போவிலிருந்து அக்கா ஒருவர் எழுதியிருந்தார், அது உண்மை. ஃபோனில் போடுகிற சேமிப்பு அட்டையை உலகமே 'மெமரி கார்டு' என்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ரேம் என்ற தனிப்பெயராவது கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் இரண்டையும் நினைவகம் என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டோம்.

சரி, இப்போது நீங்கள் தந்த சொற்களுக்கு வருகிறேன்.

'தற்போக்கு அணுகல் நினைவகம்' ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது ரேம் என்பதன் ஆங்கில விரிவான 'ரேண்டம் ஆக்சஸ் மெமரி'யை அப்படியே பெயர்த்த சொல். ஒலிநாடாவில் ஐந்தாவது பாட்டைக் கேட்க முதல் நான்கையும் சுற்றித் தள்ளவேண்டும். அப்படியில்லாமல் எந்த இடத்தையும் நேராக எட்டலாம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். கணினிகள் நாடாவையும் உருளையையும் நம்பியிருந்த காலத்தில் அந்த வேறுபாடு பெரிய வேறுபாடு. இன்றைக்கு எஸ்எஸ்டியையும் (சில்லுகளால் ஆன வட்டு) அப்படித்தான் நேராக எட்டுகிறோம். படிக்க மட்டுமான நினைவகமான ரோமும் அப்படியே. ஆக, ரேமை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையை அந்தப் பெயர் செய்து பல காலம் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் அதை இறக்குமதி செய்து, 'ரேண்டம்' என்பதற்குத் தற்போக்கா, சமவாய்ப்பா, எழுந்தமானமா என்று மல்லுக்கட்டுவது வீண் வேலை என்பது என் எண்ணம். அதிலும் 'சமவாய்ப்பு' தவறாகவே போய்விடும். இங்கே குலுக்கல் எதுவும் நடக்கவில்லை.

'முதன்மை நினைவகம்' பாடநூல் சொல். வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். 8 ஜிபி, 256 ஜிபி இரண்டையும் எழுதி, எது முதன்மை என்று கேட்டால் பெரியதைத்தான் காட்டுகிறார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் காட்டுவேன்.

'தற்காலிக நினைவகம்' என்று கோவை ஐயா சொன்னது முதலில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும் என்ற முக்கியமான குணம் அதில் இருக்கிறது. டைனமிக் ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கிறது. அந்த மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒரு முறை மறுபடி நிரப்பவேண்டும். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இன்றைக்கும் அடிப்படை அதேதான். தற்காலிகம் என்பது அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது, ஐயா. 'தற்காலிகக் கோப்புகள்' இருப்பது வட்டில்! வட்டில் இடம் பிடிக்கத்தான் அவற்றை அழிக்கச் சொல்கிறோம். தற்காலிகக் கோப்பு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. 45 வெள்ளிக் குழப்பம் மறுபடியும் வந்து நிற்கும்.

'பணி நினைவகம்' நல்ல போட்டி. ஜெர்மானியர்கள் ரேமை 'அர்பைட்ஸ்ஷ்பைஷர்' என்கிறார்கள். 'அர்பைட்' என்றால் வேலை. பிரெஞ்சில் 'மெமுவார் வீவ்', உயிருள்ள நினைவு. இங்கே எங்களுக்குப் பக்கத்து மொழியான மலாய் 'இங்ஙாத்தான் சாப்பாயான் ராவாக்' என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்திருக்கிறது. சீனர்கள் 'நெய்ச்சுன்', உள்ளிருப்பு, என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள். இவற்றில் வேலையைச் சொல்லும் ஜெர்மன் வழிதான் படிக்கிறவருக்கு உதவும் என்று படுகிறது. ஆனால் 'பணி' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைப் பணி மேலாளர் என்றும் டாஸ்க்பாரைப் பணிப்பட்டை என்றும் எழுதுகிறோம். பணி மேலாளரில் ஒவ்வொரு பணியும் எவ்வளவு பணி நினைவகம் எடுக்கிறது பார் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு சிக்கும்.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன 'களம்' என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. களத்தில் நெல் அடிப்பது, களஞ்சியத்தில் சேர்ப்பது. அடித்து முடித்ததும் களம் வெறுமையாகிவிடும், களஞ்சியத்தில் நெல் நிற்கும். ரேமுக்கும் வட்டுக்கும் இதைவிட அழகான இணை கிடையாது. வருத்தம் என்னவென்றால், இணையத்தில் வரும் டொமைனை ஆள்களம் என்று வைத்துவிட்டோம். 'களம்' என்று தனியாக எழுதினாலும் பலருக்கு அந்தப் பொருள் வந்துவிடுகிறது. வலையமைப்புப் பாடம் தொடங்கும்போது மறுபடி குழப்பம். அண்ணன் மன்னிக்கவேண்டும். பாடம் நடத்தும்போது உவமையாக இதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லாக வைக்கத்தான் தயக்கம்.

அப்புறம் நான் முன்வைப்பது: 'புழங்கு நினைவகம்'.

இது வகுப்பில் கிடைத்த சொல். இரண்டு துண்டுகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன்: ஒரு மடிக்கணினி ரேம், ஒரு எம்.2 எஸ்எஸ்டி. இரண்டும் மெல்லிய தகட்டில் கறுப்புச் சில்லு ஒட்டியவை, அண்ணன் தம்பி மாதிரி. ரேமில் தங்கநிறப் பல்வரிசை நீளவாக்கில் ஓடுகிறது, டிடிஆர்4 என்றால் 260 பல். எஸ்எஸ்டியில் அது குறுகிய முனையில் மட்டும். இதைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பழைய மேசைக் கணினியில் பெயின்டைத் திறந்து, ஒரு தம்பியை வீடு வரையச் சொன்னேன். கூரை, வாசல், தென்னை மரம் எல்லாம் போட்டார். சேமிக்கவில்லை. மின்செருகியைப் பிடுங்கினேன். மறுபடி போட்டதும் படம் இல்லை. ஆனால் பெயின்ட் இருக்கிறது, விண்டோஸ் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "படம் புழங்குற இடத்துல இருந்துச்சுண்ணே, வைக்கிற இடத்துக்குப் போகல."

இதற்குமேல் நான் என்ன விளக்க முடியும்?

புழங்குகிற பாத்திரம் அடுப்படியில் இருக்கும், மற்றது பரணில் இருக்கும். இங்குள்ள வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பரண் கிடையாது. பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறையில் அடுக்கி வைப்போம். அடுப்படி மேடை சிறியது, எட்டிய கைக்குப் பொருள் கிடைக்கும். சமையல் பெருத்து மேடை போதாமல் போனால் இப்போதைக்கு வேண்டாததை எடுத்து ஷெல்டரில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது ஓடி எடுத்து வருவோம். விண்டோஸ் வட்டில் பேஜ் ஃபைல் என்று ஒரு கோப்பை ஒதுக்கி வைத்துச் செய்வது அதையேதான். அதனால்தான் ரேம் போதாத கணினி நிற்காமல் தவழ்கிறது. மெய்நிகர் நினைவகம் என்ற இந்த ஏற்பாட்டை விளக்க எனக்கு முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஆகும். இந்தச் சொல்லோடு பத்து நிமிடத்தில் முடிந்தது.

இலக்கணத்துக்கு வந்தால், வினைத்தொகை. குடிநீர், ஊறுகாய், சுடுசோறு வரிசையில் நிற்கும். வகுப்பில் நாளும் சொல்ல வாய்க்கு இதமாகவும் இருக்கிறது.

இதற்கு வந்த எதிர்ப்புகளில் இரண்டு கனமானவை. முதலாவது, குடிக்கிற தண்ணீர், புழங்குகிற தண்ணீர் என்று ஊரில் பிரிப்பதில் புழங்குவது மட்டமானது என்ற தொனி வருகிறதே என்பது. சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் வருவது குடிநீர்தான், இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவே தெரியாது. ஊரிலிருந்து வந்தவர்களிடம் கேட்டேன். புழங்குற தண்ணீர் என்றால் மட்டம் என்று யாரும் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கை பட்டுக்கொண்டே இருப்பது என்றார்கள். ரேமும் அதுதானே.

இரண்டாவது, 'அவர்களோடு புழங்குவதில்லை' என்று சாதி பார்த்து ஒதுக்கும் பேச்சில் இந்தச் சொல் அடிபடுவதைச் சொன்ன மதுரை அக்காவின் மடல். அதைப் படித்துவிட்டு நிறைய நேரம் யோசித்தேன். அந்த வலியை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் பணப்புழக்கம் என்கிறோம், புழக்கத்தில் உள்ள சொல் என்கிறோம். அங்கெல்லாம் இது எல்லாரும் கைமாற்றிக்கொள்வதைக் குறிக்கிறது. ஒதுக்குகிறவர்கள் கையில் சொல்லை விட்டுவிடாமல் இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். அக்காவுக்கு இன்னும் உறுத்தினால் சொல்லுங்கள், இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நான் வேறு சொல் தேடத் தயார்.

புதுச்சொல் ஒட்டாது, ரேம் என்றே விடுங்கள் என்றவர்களுக்கு: கடையில் கேட்கவும் துண்டைக் காட்டவும் ரேம் என்றே சொல்லட்டும், நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ஒட்டாது என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவர் என்று இங்கே நாங்கள் நினைவுகூர்வது சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியை. 1997-இல் முதல் தமிழ் இணைய மாநாட்டை இங்கே கூட்டியதிலும் அவர் பங்கு பெரியது. அன்றைக்கு அதுவும் புதுச்சொல்தான். இன்றைக்கு என் அம்மா "இணையம் வரல" என்று ரௌட்டரைத் தட்டுகிறார்.

வட்டு, எஸ்எஸ்டி, மெமரி கார்டு எல்லாவற்றுக்கும் 'சேமிப்பகம்' போதும், அதில் எனக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஒரே வேண்டுகோள்: அவற்றை நினைவகம் என்று எழுதுவதை நாம் எல்லாரும் நிறுத்தவேண்டும். 'புழங்கு' என்ற அடைமொழியைவிட இந்த ஒன்றுதான் முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ரோமை இப்போதைக்கு ரோம் என்றே வைத்திருக்கிறேன். நிலைபொருள் (ஃபர்ம்வேர்) பாடம் வரும்போது தனியாகப் பேசலாம்.

பாடத்தாளைத் திருத்திவிட்டேன். அந்தப் பட்டியல் இப்போது 'புழங்கு நினைவகம் 4 ஜிபி, சேமிப்பகம் 64 ஜிபி' என்று இருக்கிறது. அச்சுக்குப் போவது வெள்ளிக்கிழமை. சேர்த்து 'புழங்குநினைவகம்' என்று எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று மட்டும் அதற்குள் சொல்லிவிடுங்கள். பிரித்தால் கற்பவருக்குப் படிக்க எளிது என்று தோன்றுகிறது. குடிநீரைப் பிரித்து எழுதுவதில்லையே என்றும் தோன்றுகிறது.