உமிச் சாம்பலில் செய்த எம்சிஎம்-41: துளை வரவே இல்லையா, வந்து போய்விட்டதா?

எம்எஸ்சி மாணவன்:
ப்ராஜெக்டுக்காக நெல் உமியிலிருந்து எம்சிஎம்-41 (நானோமீட்டர் அளவுத் துளைகள் வரிசையாக அடுக்கிய சிலிக்கா) செய்கிறேன். உமியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்துக் கழுவி, 600 டிகிரியில் எரித்தேன்; சாம்பல் நல்ல வெள்ளை. அதை சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, சிடிஏபி (துளைக்கு அச்சாக இருக்கும் சோப்பு போன்ற பொருள்) கரைசலில் விட்டு, பிஹெச்சை 11-க்கு இறக்கி, ஆட்டோகிளேவில் 100 டிகிரியில் ஒரு நாள் வைத்தேன். வடிகட்டித் தண்ணீரில் கழுவி, 550-இல் சுட்டாயிற்று. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் சிதறல் சோதனை) 23 டிகிரி பக்கம் ஓர் அகன்ற மேடு மட்டும்தான். பிஇடி பரப்பு (நைட்ரஜன் வாயுவை ஒட்டவைத்து அளக்கும் மேற்பரப்பு) கிராமுக்கு 240 சதுர மீட்டர். "இது வெறும் சிலிக்கா, திரும்பச் செய்" என்கிறார் கைடு. எங்கே தப்பியது?

துளைக்காரன்:
தம்பி, அந்த மேட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எம்சிஎம்-41-இன் சுவரே உருவமற்ற சிலிக்காதான். அருமையான சாம்பிளிலும் அதே மேடு வரும். ஒழுங்கெல்லாம் துளைகள் தேன்கூடு மாதிரி அடுக்கியிருக்கும் விதத்தில் இருக்கிறது. வரிசைக்கு வரிசை சுமார் 4 நானோமீட்டர் என்பதால், தாமிரக் கதிரில் முதல் உச்சம் 2.2 டிகிரி பக்கம் விழும். எக்ஸ்ஆர்டியை 10 டிகிரியிலிருந்து ஓட்டினால் எப்படித் தெரியும்? லோ ஆங்கிள் (அதற்கும் கீழான சிறு கோணங்களின் அளவீடு) கேட்டு வாங்குங்கள்.

ஆனால் 240 நிஜமாகவே குறைவு. 1000 பக்கம் வர வேண்டியது. என் சந்தேகம் சோடியத்தின் மேல்தான். கழுவியும் போகாத சோடியம் சூட்டில் சிலிக்காவை இளக்கிவிடும். சுவரின் தடிமனே ஒரு நானோமீட்டர்தான், எப்படித் தாங்கும்?

சுடாத பொடி மிச்சம் இருக்கிறதா? இரண்டையும் லோ ஆங்கிளில் ஓட்டுங்கள். சுடாததில் உச்சம் இருந்து சுட்டதில் இல்லையென்றால் உங்கள் ஜெல் (சாம்பல் கரைசலும் சிடிஏபியும் சேர்ந்த கலவை) சரி, ஃபர்னஸில்தான் போயிருக்கிறது. இரண்டிலும் இல்லையென்றால் ஜெல்லையே பார்க்க வேண்டும்.

லேப் டெக்னீசியன்:
ஒரு சின்ன விஷயம். சிடிஏபி 25 டிகிரிக்குக் கீழே போனால் படிகமாகப் படிந்துவிடும். ஏசி அறையில் கலக்காதீர்கள். கரைசல் தெளிவாக இருக்கும்போதே சிலிக்கேட்டை (சாம்பல் கரைசலை) விடுங்கள்.

எம்எஸ்சி மாணவன்:
சுடாத பொடி இருக்கிறது அண்ணா. ஃபர்னஸை நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றினேன். சோடியத்தை எப்படி எடுப்பது?

துளைக்காரன்:
10 ரொம்ப வேகம். 1 டிகிரி வையுங்கள். சுடுவதற்கு முன், எத்தனாலில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பொடியை 60 டிகிரியில் சில மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். சோடியத்தோடு சிடிஏபியும் பெரும்பகுதி கழன்றுவிடும். ஃபர்னஸில் எரிய வேண்டியதும் குறையும்.

அப்புறம், அடுத்த ஜெல்லுக்கு ஒன்று. சிலிக்கேட் ஒன்றோடொன்று சேரச் சேர ஹைட்ராக்சைடு வெளியேறி பிஹெச் ஏறிக்கொண்டே போகும். நடுவில் ஆறவிட்டுத் திறந்து, அசிட்டிக் அமிலத்தால் மறுபடி 11-க்குக் கொண்டுவந்து, திரும்பச் சூட்டில் வையுங்கள். கொரியாவில் ரியோங் ரியூ 1995-இல் காட்டிய வழி இது. இவ்வளவு எளிய ஒரு திருத்தம் துளை வரிசையை எவ்வளவு சீராக்குகிறது என்பதை எக்ஸ்ஆர்டியில் நீங்களே பார்ப்பீர்கள்.

பிஇடி கொடுக்கும்போது பரப்பு எண் மட்டும் போதாது, நைட்ரஜன் ஐசோதெர்ம் (அழுத்தம் ஏற ஏற எவ்வளவு நைட்ரஜன் ஒட்டுகிறது என்ற வரைபடம்) முழுவதையும் கேளுங்கள். ஒப்பழுத்தம் 0.3 பக்கம் செங்குத்தாக ஓர் ஏற்றம் இருந்தால், அது துளைகள் நிரம்புவதன் அடையாளம்; லோ ஆங்கிள் படத்தோடு அதையும் கைடிடம் காட்டுங்கள்.