காப்பி ஃப்ரம் யூசர் மைனஸ் தருமா, தராதா?

இருபதாம் வளைவு:
நேற்று தட்டுவடை செட் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்காக யூஎஸ்பி தராசுக்கு லினக்ஸ் டிரைவர் (லினக்ஸின் மையமான கர்னலுக்குள் ஓடி, தராசை இயக்கும் நிரல்) எழுதினாராம். "திறக்கப்போவது நம்ம பில்லிங் புரோகிராம் மட்டும்தான், டிரைவருக்குள்ளே பெரிதாகச் சோதிக்க வேண்டாம், காப்பி ஃப்ரம் யூசர் மைனஸ் தருகிறதா என்று ஒரு வரி போட்டால் போதும்" என்று பாடம் வேறு நடத்துகிறார். ஐயா, காப்பி ஃப்ரம் யூசர் என்பது புரோகிராமின் மெமரியிலிருந்து கர்னலுக்குள் பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன், அது மைனஸ் தரவே தராது. எத்தனை பைட் நகலாகாமல் மிச்சம் நின்றதோ அந்த எண்ணைத் தரும், எல்லாம் வந்துவிட்டால் பூஜ்யம். அன்சைன்ட் லாங், அதாவது மைனஸே பிடிக்காத எண் வகை. உங்கள் ஒரு வரி ஆயுசுக்கும் வேலை செய்யாது.

தட்டுவடை செட்:
எட்டு மாதமாக பதினோரு பட்டறையில் ஓடுகிறது, ஒருத்தரும் குறை சொல்லவில்லை. ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு காப்பியைப் பற்றிப் பேசுவது சுலபம்தான். நான் மைனஸும் பிடிக்கும் இண்ட்டில் வாங்கித்தான் சோதிக்கிறேன். கர்னலில் பிழை என்றாலே மைனஸ், தவறான முகவரி என்ற பிழையான ஈஃபால்ட் மைனஸ் 14, இதுகூடவா தெரியாது?

இருபதாம் வளைவு:
மைனஸ் 14 நீங்கள் புரோகிராமுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது, அந்த ஃபங்ஷன் உங்களுக்குத் தருவது இல்லை. உங்கள் புரோகிராம் அனுப்பும் 24 பைட்டும் வரவில்லை என்றால் 24 வரும். இண்ட்டில் வாங்கினால் அது மைனஸ் 24 ஆகிவிடுமா?

அம்மாபேட்டை தறி:
சோதனை என்று இரண்டு பேரும் எதைத்தான் சொல்கிறீர்கள்? மெமரி முகவரி சரியா என்பது ஒன்று, உள்ளே வந்த மதிப்பு சரியா என்பது வேறு. அப்புறம், யூசர் மெமரியில், அதாவது புரோகிராமின் மெமரியில், தரவின் நீளத்தைப் படித்துச் சோதித்துவிட்டு மறுபடி அங்கேயே போய்ப் படித்தால், நடுவில் அதே புரோகிராமில் கூடவே ஓடும் இன்னொரு த்ரெட் அதை மாற்றிவிடலாமே. ஒரே தடவை நகலெடுத்து அந்த நகலைத்தானே சோதிக்கணும்?

இருபதாம் வளைவு:
தறி அண்ணா, அது அப்புறம். முதலில் மைனஸ் கதை முடியட்டும்.

தட்டுவடை செட்:
சரி, மிச்சம் நின்றது என்றே வைத்துக்கொள்வோம். நகலாகாத இடத்தில் கர்னலே பூஜ்யம் நிரப்பிவிடுகிறது. குப்பை வராது. எங்கே ஆபத்து?

இருபதாம் வளைவு:
ஆகா! கிண்ணத்தின் எடையைக் கழிக்க வரும் எண்ணும் அந்த 24 பைட்டுக்குள்தானே இருக்கிறது, அது பூஜ்யமாகிவிட்டால் கிண்ணமும் வெள்ளி விலைக்கே விற்கும். பட்டறைக்காரர்கள் எட்டு மாதமாக ஏன் குறை சொல்லவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது.

கொலுசு:
என்ன பேச்சு இது? பட்டறைக்காரன் என்றால் திருடனா? எங்கள் அப்பா முப்பது வருஷமாக கொலுசு பண்ணுகிறார், ஒரு மில்லிகிராம் கூடக் குறைச்சல் கிடையாது. வார்த்தையை வாபஸ் வாங்குங்க.

இருபதாம் வளைவு:
உங்கள் அப்பாவை யார் சொன்னது? டிரைவரைச் சொன்னேன். அது மைனஸ் தராது, அவ்வளவுதான்.

அம்மாபேட்டை தறி:
"நம்ம புரோகிராம்தானே" என்பதற்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பியது அவர்கள் சொந்த ஃபைல்தான். 21 உள்ளீடு எதிர்பார்த்த இடத்தில் 20 தான் இருந்தது, கர்னலில் இருந்த அவர்கள் டிரைவர் எல்லை தாண்டிப் படித்தது, 85 லட்சம் கம்ப்யூட்டர் நீலத்திரையில் நின்றது.

தட்டுவடை செட்:
அது விண்டோஸ் அண்ணா. இங்கே லினக்ஸ் பேச்சு. இவ்வளவு நியாயம் பேசும் வளைவுக்காரர், போன வருஷம் என்னிடம் இரவல் வாங்கிய ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை எப்போது தருவார், அதைக் கேளுங்க.

இருபதாம் வளைவு:
20 வளைவும் ஏறி வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காப்பியும் தருகிறேன். மைனஸ் வருமா வராதா, பதில் எங்கே?

கொலுசு:
முதலில் என் பதில் எங்கே?

தட்டுவடை செட்:
அடாப்டரோடு சேர்த்துத்தான் வாங்கினீர்கள், அதையும் எடுத்து வையுங்க. எங்களுடையது இன்றைக்கும் ஓடுகிறது.

இருபதாம் வளைவு:
தராது.