அவசரத்துக்கு கைல புடிக்கற ரேடியோ எது வாங்கலாம்? விமானத்துலேர்ந்து ஏர்போர்ட் டவருக்கு என் குரல் போகவே இல்ல

லிவர்மோர்_172:
எல்லாருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியால லிவர்மோர்லேர்ந்து பறக்கறேன், லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது, நாலு பேர் சேந்து வெச்சிருக்கற 1975 செஸ்னா 172எம் விமானம். போன சனிக்கிழம பையன கூட்டிட்டு போயிட்டு திரும்பி வரும்போது ஆல்டமான்ட் மலைக்கு கிழக்கால ஆல்டர்னேட்டர் (பறக்கும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) போயிடுச்சு, ஆம்மீட்டர் ஊசி டிஸ்சார்ஜ் பக்கம் சாஞ்சிருந்தத நான் கவனிக்கல, டவர கூப்பிடலாம்னு பட்டன அமுக்கினதும் ரேடியோ ஸ்க்ரீன் அப்டியே அணைஞ்சிடுச்சு. ரேடார்ல நம்மள காட்டற டிரான்ஸ்பாண்டரும் போச்சு. சீட்டுக்கு பின்னாடி பையில ஒரு பழைய கை ரேடியோ இருந்துச்சு, எடுத்து ஆன் பண்ணா டவர் பேசறது நல்லாவே கேக்குது, ஆனா நான் நாலு தடவ கூப்பிட்டும் பதிலே இல்ல. கிளாஸ் டி (டவர்கிட்ட பேசிட்டு தான் நொழையணும்) எல்லைக்கு வெளியவே திரும்பி, டவர் இல்லாத ட்ரேசிக்கு போயி, கரண்ட் இல்லாததால ஃபிளாப்பும் (மெதுவா எறங்க உதவற றெக்கை மடல்) எறங்காம அப்டியே எறக்கினேன். பையனுக்கு 9 வயசு, "அப்பா ஏன் யாரும் பேசல"ன்னு கேட்டுட்டே இருந்தான், அது இன்னும் காதுல இருக்கு.

கேள்வி ரெண்டு. பழைய ரேடியோ ரிசீவ் பண்ணுது, அனுப்ப மாட்டேங்குது, அது ஏன்? புதுசு வாங்கறதா இருந்தா ஐகாம் ஏ25என், யாயெசு எஃப்டிஏ-550, ஸ்போர்ட்டிஸ் பிஜே2, இதுல எது? பார்ட்னர் ஒருத்தர் பாவ்ஃபெங் 30 டாலருக்குள்ள கெடைக்குது, அதே போதும்ங்கறார்.

பழைய_சிறகு:
தம்பி, மொதல்ல ஒண்ணு, நீங்க ட்ரேசிக்கு போனது ரொம்ப சரியான முடிவு. பயத்துல டவர் ஏர்போர்ட்டுக்குள்ள நொழையாம இருந்தீங்க பாருங்க, அதுதான் வேணும்.

பாவ்ஃபெங் வேண்டவே வேண்டாம். யூவி-5ஆர் மாதிரி செட்டெல்லாம் எஃப்எம், நாம பேசறது ஏஎம், ரெண்டும் வேற வேற முறை. விமானத்துக்குன்னு இருக்கற ஏர்பேண்ட்ல பேச்சு 118-லேர்ந்து 136.975 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அந்த செட்டு 136-ல தான் ஆரம்பிக்கவே செய்யுது. அவசர ஃப்ரீக்வென்சி 121.5-ல கத்தினாலும் அதுலேர்ந்து ஒண்ணும் வெளிய போகாது.

பழைய ரேடியோ பத்தி சொல்லுங்க: என்ன பேட்டரி, எத்தன நாளா உள்ள இருக்கு? ஹெட்செட்ல மாட்டி பேசுனீங்களா, வாய்கிட்ட வெச்சா? ஆன்டெனா எந்தப் பக்கம் இருந்துச்சு?

லிவர்மோர்_172:
அண்ணா, சாதாரண ஆல்கலைன் டபுள்-ஏ, போட்டு ரெண்டு வருஷம் இருக்கும், வெயில்ல நிக்கற விமானத்துக்குள்ளயே தான் கெடந்துச்சு. ஹெட்செட் அடாப்டர் இல்ல, ஒரு காதுல ஹெட்செட்ட தூக்கிட்டு ரேடியோவ காதுல வெச்சு கேட்டேன், பேசும்போது வாய்கிட்ட. மடிமேல படுக்க வெச்சு தான் பட்டன அமுக்கினேன்னு நெனக்கறேன், யோக்கையும் (விமானத்தோட ஸ்டியரிங்) புடிக்கணும்ல.

பழைய_சிறகு:
அப்போ காரணம் ஒண்ணு இல்ல, மூணு. கேக்கறதுக்கு பேட்டரி கொஞ்சமா தான் செலவாகும், அனுப்பும்போது தான் மொத்தமா இழுக்கும். அசந்து போன ஆல்கலைன் செல் ஸ்க்ரீன எரிய வைக்கும், ஸ்பீக்கரையும் பேச வைக்கும், பேசற பட்டன (பிடிடி) அமுக்கின நொடி வோல்டேஜ் படுத்துடும். இன்னைக்கு ராத்திரி வீட்ல ஆன்டெனாவ நல்லா மாட்டிட்டு யாரும் பேசாத ஃப்ரீக்வென்சில ஒரே ஒரு செகண்ட் அமுக்கி ஸ்க்ரீன பாருங்க, மங்கினாலோ ரீசெட் ஆனாலோ அதான் வியாதி. உங்க பேனல் ரேடியோ செத்ததும் இதே கததான், பேட்டரி காலியாகி, அனுப்பற லோடு வந்ததும் விழுந்துடுச்சு.

ரெண்டாவது, 172 ஒரு அலுமினிய டப்பா. டவர்கிட்ட உயரமான ஆன்டெனா, நல்ல பவர், அதனால அவங்க பேச்சு உள்ள வந்துடும். உங்க கை ரேடியோ கேரியர் (குரல சுமக்கற அடிப்படை அலை) 1.5 வாட் பக்கம், பேனல்ல இருக்கறது அத விட ரொம்ப ஜாஸ்தி. அந்த 1.5 வாட்டையும் மடிமேல படுக்க வெச்சா வெளிய போறது ரொம்ப கொஞ்சம். ஆன்டெனா செங்குத்தா, ஜன்னல் கண்ணாடிகிட்ட இருக்கணும், அது மட்டுமே பெரிய வித்தியாசம் பண்ணும்.

மூணாவது எஞ்சின் சத்தம். டவர்ல யாராவது ஏதோ இரைச்சல் வந்து போகுதுன்னு கேட்டிருக்கலாம், உங்க வார்த்த அதுல முழுகியிருக்கும்.

இன்னொன்னு, அடுத்த தடவ உங்களுக்கு கேக்குது ஆனா அவங்களுக்கு கேக்கலன்னா, பேசிட்டே இருங்க, "கேட்டா விங்க ஆட்டறேன்"னு சொல்லுங்க. கண்ணுக்கு தெரியற தூரத்துல இருந்தா டவர்லேர்ந்து கலர் வெளிச்சம் அடிக்கற லைட் கன் காட்டுவாங்க. காத்துல இருக்கும்போது நிலையான பச்சை எறங்கலாம், மின்னற பச்சை எறங்கறதுக்கு திரும்பி வா, நிலையான சிவப்பு வழிவிட்டு சுத்திட்டே இரு, மின்னற சிவப்பு எறங்காதே. இத ஒரு அட்டைல எழுதி தொடைல கட்டற நீபோர்டுல வெச்சுக்கோங்க, பரீட்சைக்கு படிச்சது அந்த நேரத்துல ஞாபகம் வராது.

மேகத்துக்கு_மேல:
வாங்கறது பத்தி நான் சொல்றேன், மூணையும் பறந்து பாத்திருக்கேன். டப்பால 5 வாட், 6 வாட்னு போட்டிருக்கறத பாத்து ஏமாறாதீங்க ப்ரோ, அது பீக் பவர். ஏஎம்-ல பீக் கேரியர விட நாலு மடங்கு வரும், அதனால 6 வாட்னு இருந்தா கேரியர் 1.5 தான். எல்லா கம்பெனியும் இதே கணக்கு பக்கத்துல தான் நிக்குது, வாட்ட வெச்சு தேர்ந்தெடுக்கவே முடியாது.

ஏ25என் நல்ல செட்டு, ஜிபிஎஸ் இருக்கு, விஓஆர் (தரைல இருக்கற ரேடியோ நிலையத்த வெச்சு திசை காட்டறது) இருக்கு, ப்ளூடூத்தும் இருக்கு, வெல 500 டாலருக்கு மேல இருந்தது. எஃப்டிஏ-550-லயும் விஓஆர், லோகலைசர் (ரன்வேக்கு நேரா வர்றமான்னு காட்டறது) காட்டும். ஆனா கைல இருக்கற ரப்பர் ஆன்டெனால விஓஆர் ஊசி நம்பற அளவுக்கு நிக்கறது கஷ்டம், போன்லயோ டேப்லெட்லயோ ஜிபிஎஸ் இருக்கும்போது பகல்ல விஎஃப்ஆர்ல (வெளிய கண்ணால பாத்து) பறக்கற உங்களுக்கு அதுக்காக காசு கொடுக்கணுமான்னு யோசிங்க. பிஜே2 250 டாலர் பக்கம் வந்தது, நேவிகேஷன் எதுவும் கெடையாது, ஆனா சாதாரண ஹெட்செட் ரெண்டு பின்னும் அடாப்டர் இல்லாம நேரா அதுலயே சொருகலாம். உங்க கதைக்கு இதான் மருந்துன்னு நான் நெனக்கறேன், ஏன்னா பாக்கி ரெண்டுலயும் அடாப்டர் தனி ஒயர், அது எங்கயாவது ஒரு பைல கெடக்கும், கரண்ட் போன அன்னைக்கு தேடணும். 121.5-க்கு தனி பட்டன், டபுள்-ஏ பேட்டரி, யூஎஸ்பி-சி-லயும் ஓடும், ஆன்டெனா பிஎன்சி (சொருகி திருகற) கனெக்டர்.

பேட்டரிக்கு ஆல்கலைன் போடாதீங்க, லித்தியம் டபுள்-ஏ போடுங்க, சார்ஜ் ஆகற லித்தியம்-அயான் இல்ல, ஒரு தடவ போடற வகை. ஒழுகாது, வருஷக்கணக்கா சும்மா இருந்தாலும் தாங்கும், சூடு குளிருக்கும் பரவால்ல. சார்ஜ் பேக் உள்ள செட்டு வாங்கினா மாசம் ஒரு தடவ பாக்கணும், நாலு பேர் ஓனர்னா அத யார் பாப்பாங்கன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

வடமராட்சி_பைலட்:
தம்பி, நான் இங்கிலாந்திலை இருந்து எழுதுறன், எங்கட பக்கம் சட்டம் கொஞ்சம் வேறை. இஞ்ச சேனலுக்குச் சேனல் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வந்திட்டுது, பழைய 25 கிலோஹெர்ட்ஸ் செட்டை மலிவாக் கிடைக்குது எண்டு வாங்கி ஏமாந்த ஆக்கள் இருக்கினம். கை ரேடியோவுக்கும் லைசென்ஸ் எடுக்கோணும். அமெரிக்காவுக்குள்ள பறக்கிற உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, ஆனா மெக்சிகோ, கனடா போறதெண்டால் பாத்துக்கொள்ளுங்கோ.

நான் சொல்ல வந்தது வேறை. வெளி ஆன்டெனா ஒண்டு போடுங்கோ. என்ரை விமானத்திலை பேனலிலை சின்ன ஜாக் ஒண்டு இருக்கு, கை ரேடியோவின்ரை ஒயரைச் சொருகினவுடனை ரெண்டாவது ரேடியோ கழண்டு, கூரையிலை இருக்கிற அதே ஆன்டெனா இதுக்கு வந்திடும். ரப்பர் ஆன்டெனாவோடை பத்து மைலுக்கு அங்காலை ஒருத்தருக்கும் கேக்காத செட்டு, அதைச் சொருகினாப் பிறகு நாப்பது மைலிலை இருந்து தெளிவாக் கதைச்சது. எந்த செட்டு எண்டதை விட இது தான் பெரிசு.

லிவர்மோர்_172:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா சொன்ன மாதிரி நேத்து ராத்திரி பழைய செட்ட அமுக்கி பாத்தேன், ஸ்க்ரீன் அணைஞ்சு திரும்ப ஆன் ஆகுது. பேட்டரி பெட்டிய தொறந்தா ரெண்டு செல் ஒழுகி பச்சையா பூத்துருக்கு. இத்தன நாளா இத நம்பி பையன பக்கத்துல உக்கார வெச்சு பறந்திருக்கேன்னு நெனச்சா மனசே சரியில்ல.

ஒரு சந்தேகம், அந்த ஜாக்க நானே போட்டுக்கலாமா?

பழைய_சிறகு:
வேணாம் தம்பி, மெக்கானிக்க வெச்சு போட்டு லாக்புக்ல ஏத்துங்க. ஆல்டர்னேட்டர எப்டியும் கழட்டறாங்கல்ல, அதோட சேத்து முடிச்சுடுங்க. ஜாக் கைக்கு எட்டற எடத்துல இருக்கணும், பெல்ட்ட போட்டுட்டு உக்காந்து எட்டுதான்னு பாத்துட்டு அப்பறம் ஓட்ட போட சொல்லுங்க.

லிவர்மோர்_172 (மூணு வாரம் கழிச்சு):
பிஜே2 வாங்கியாச்சு, லித்தியம் செல் போட்டாச்சு, ஜாக்கும் வந்துடுச்சு. மொதல்ல தரைல எஞ்சின் ஓடாம ஏடிஸ் (ஏர்போர்ட்டோட பதிவு பண்ணின வானிலை தகவல்) கேட்டேன், அப்பறம் இன்னொரு பார்ட்னர் ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து, எவ்ளோ நேரத்துல ரெடி ஆகறேன்னு பாத்தோம். மொத தடவ ஒன்றரை நிமிஷம், அஞ்சாவது தடவ 20 செகண்ட். ட்ரேசி மேல 3000 அடிலேர்ந்து லிவர்மோர் டவர்கிட்ட ரேடியோ செக் கேட்டோம், ரப்பர் ஆன்டெனால "உடைஞ்சு வருது"ன்னாங்க, ஜாக்ல சொருகினதும் "தெளிவா கேக்குது"ன்னாங்க. செட்டு இப்ப சீட்டுக்கு பின்னாடி இல்ல, என் வலது முழங்கால் பக்கம் பைல, ஹெட்செட் பின் எட்டற தூரத்துல இருக்கு. அடுத்த சனிக்கிழம பையன் திரும்ப வரான், ரேடியோ செக் அவனே கேக்கப் போறேங்கறான்.