பைத்தான் சாக்கெட்டில் எழுதின வெப் சர்வர்: ‘கடலூர்’ பாதியிலேயே வெட்டுப்படுது

மஞ்சக்குப்பம்_கடலூர்
ஃபிரேம்வொர்க் எதுவும் இல்லாம, சாக்கெட் மாட்யூல் (நெட்வொர்க்ல நேரடியா பைட் அனுப்பி வாங்கறது) மட்டும் வச்சு சின்ன வெப் சர்வர். லினக்ஸ், போர்ட் 8080. ஊர் பேரை இங்கிலீஷ்ல அனுப்பினா முழுசா வருது. தமிழ்ல ‘கடலூர்’னு அனுப்பினா ‘கட’ மட்டும் நிக்குது. ‘புதுச்சேரி’க்கு ‘புத’, பின்னாடி கறுப்பு டைமண்டுக்குள்ள ஒரு கேள்விக்குறி. ஹெடர்ல சார்செட் யூடிஎஃப்-8 இருக்கு. கூடவே, நிறுத்திட்டு உடனே ஓட்டினா ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’. அதே வைஃபைல இருக்கற போன்ல பக்கம் திறக்கவே மாட்டேங்குது.

உப்பளம்_புதுவை
கன்டென்ட்-லெங்த்துக்கு (பதிலோட நீளத்தைச் சொல்ற ஹெடர்) ஸ்ட்ரிங்கோட லென் (எத்தனை குறின்னு எண்ணறது) போட்டிருக்கீங்க. அந்த ஹெடர் கேக்கறது பைட் கணக்கு. கண்ணுக்கு ‘கடலூர்’ நாலெழுத்து. பைத்தானுக்கு க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளின்னு ஆறு. யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணும் 3 பைட், மொத்தம் 18. நீங்க 6னு சொன்னதும் பிரவுசர் 6 பைட்டோட கடையைக் கட்டிடுது. ‘புதுச்சேரி’ 10 குறி, 30 பைட். பத்தாவது பைட் ‘து’வோட உகாரக் குறிக்கு முதல் பைட், மீதி ரெண்டு வராததாலதான் டைமண்ட். முதல்ல என்கோட் பண்ணி பைட்ஸா மாத்திட்டு, அந்த பைட்ஸுக்கு லென் எடுங்க.

அட்ரஸ் எரர்: கனெக்‌ஷனை முதல்ல மூடற பக்கம் டைம்-வெயிட்ல (மூடின பிறகும் காத்திருக்கற நிலை) நிக்கும், லினக்ஸ்ல 60 விநாடி. பைண்டுக்கு (சாக்கெட்டை ஒரு அட்ரஸ், போர்ட்டோட கட்டறது) முன்னாடி எஸ்ஓ_ரீயூஸ்அட்ர் (SO_REUSEADDR) ஆப்ஷனை 1னு வைங்க. பைண்டுக்கு அப்புறம் வச்சா பிரயோஜனம் இல்ல.

கெடிலக்கரை
போன் விஷயம்: 127.0.0.1ல பைண்ட் பண்ணியிருந்தா அந்த மெஷினுக்குள்ள மட்டும்தான் பேசும். 0.0.0.0 போட்டுட்டு, போன்ல லேப்டாப் ஐபியோட 8080 சேர்த்து அடிங்க. ஃபயர்வால்லயும் போர்ட்டைத் திறக்கணும்.

ஆனா அப்படிப் போட்டதுமே வைஃபைல இருக்கற எல்லாரும் கதவைத் தட்டலாம். ஃபைல் அனுப்பற சர்வர்னா, பாத்ல ரெண்டு புள்ளி போட்டு மேல் ஃபோல்டருக்குப் போயிடுவாங்க. பர்சென்ட் டிகோட் பண்ணி, ரியல்பாத் (நிஜமான முழு பாத்) எடுத்து, உங்க ஃபோல்டருக்குள்ளதான் இருக்கான்னு பாத்துட்டுத் திறங்க. டிகோடுக்கு முன்னாடி செக் பண்ணினா %2E (புள்ளியோட பர்சென்ட் வடிவம்) வழியா புள்ளி உள்ள வந்துடும்.

மஞ்சக்குப்பம்_கடலூர்
மூணும் சரியாச்சு, நன்றிங்க. கர்ல்ல (டெர்மினல்ல பக்கம் எடுக்கற டூல்) உடனே வருது, குரோம்ல மட்டும் சில நேரம் சுத்திக்கிட்டே இருக்கே?

உப்பளம்_புதுவை
குரோம் சில சமயம் முன்கூட்டியே இன்னொரு கனெக்‌ஷன் திறந்து, ஒண்ணும் அனுப்பாம வச்சிருக்கும். உங்க லூப் அதை அக்செப்ட் பண்ணிட்டு ரிசீவ்ல உக்காந்துடுது; நிஜ ரிக்வெஸ்ட் வரிசைல நிக்குது. கனெக்‌ஷனுக்கு ஒரு த்ரெட் (தனியா ஓடற வேலை) குடுங்க. செட்டைம்அவுட் 5 விநாடியும் வைங்க, இல்லேன்னா சும்மா நிக்கற த்ரெட் சேர்ந்துகிட்டே போகும்.

ரிசீவ் 1024னு ஒரே தடவை படிக்கறீங்கன்னா அதையும் மாத்தணும். டிசிபில மெசேஜுக்கு எல்லை கிடையாது. ஹெடர் முடிஞ்சதைக் காட்டற 13, 10, 13, 10 இந்த நாலு பைட் வர்ற வரைக்கும் லூப்ல படிங்க. குக்கி நிறைய இருந்தா ஹெடர் 1024ஐத் தாண்டும். மிச்சத்தைப் படிக்காம மூடினா லினக்ஸ் ரீசெட் அனுப்பிடும், நீங்க அனுப்பின பக்கம் பிரவுசருக்குப் போய்ச் சேராமலே போகலாம்.

கெடிலக்கரை
அனுப்பறதுக்கு சென்ட் இருந்தா சென்ட்ஆல் ஆக்கிடுங்க. பெரிய படம் அனுப்பும்போது சென்ட் பாதியோட திரும்பி வந்துடலாம், எரரும் காட்டாது.