மறு: ‘ஃபைட் கார்டு’: அட்டையா, தொகையா, நிரலா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஓர் இரவில் எந்தச் சண்டை எதற்குப் பின் என்று காட்டும் ‘ஃபைட் கார்டு’க்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை தொடங்கி ஒரு வாரம் ஆகிறது, ‘கார்டு’ இன்னும் கார்டாகவே நிற்கிறது. நான் தாமதமாக வந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காப்பியும் கையுமாக எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளைப் பார்த்துப் பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கார்டு என்றே எழுதிவிட்டுப் போகலாமே, யாருக்குப் புரியாது?

எழுதலாம். வீட்டில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் சிக்கல் அந்த ஒரு சொல்லில் இல்லை. எம்.எம்.ஏ. நிகழ்ச்சிகளை எடைப்பிரிவு வாரியாக மாற்றியமைத்தால் பார்ப்பவர்களுக்கு எளிதாக இருக்கும் என்று நம் தம்பி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தார். இரண்டாவது பத்தியிலேயே மாட்டிக்கொண்டார். எல்லா எடையும் கலந்து வரும் இப்போதைய கார்டுக்கு ஒரு பெயர் வேண்டும். ஓர் இரவில் ஓரிரு எடை மட்டும் வரும் கார்டு ஒன்றை அவர் கேட்கிறார், அதற்கும் ஒரு பெயர் வேண்டும். ‘மிக்ஸ்டு கார்டு’, ‘சிங்கிள் டிவிஷன் கார்டு’ என்று போனால் கடைசியில் வினைமுற்று மட்டும்தான் தமிழில் மிஞ்சும்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம். 2024 ஏப்ரல் 13 அன்று லாஸ் வேகாஸில், யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. நிறுவனத்தின் பெரிய நிகழ்ச்சியான யு.எஃப்.சி. 300 நடந்தது. நமக்கு அது சித்திரை முதல் நாள் விடியற்காலை. மொத்தம் 13 சண்டைகள், 7 எடைப்பிரிவுகள். லைட்வெயிட் எனப்படும் 70 கிலோ பிரிவில் மட்டும் 4 சண்டைகள் இருந்தன. அவற்றைச் சேர்த்து வைத்தார்களா? இல்லை. இரண்டாவதாக பாபி கிரீன், ஜிம் மில்லர். நடுவில் பெண்கள் 52 கிலோ. நான்காவதாக மொய்கானோ, டர்னர். அப்புறம் 66, பெண்கள் 61, மறுபடி 66, 93, 84 என்று ஊரைச் சுற்றிவிட்டு, பத்தாவதாக ஒலிவேராவும் சாருக்கியானும். அதற்கடுத்து கேத்ஜியும் ஹாலோவேயும். ஐந்தாம் சுற்றின் கடைசி நொடியில் ஹாலோவே கேத்ஜியைச் சாய்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தச் சண்டை அந்தப் பிரிவின் சாம்பியன் பட்டத்துக்கு நடந்ததே இல்லை! பட்டத்துக்கான வரிசையில் முன்னேறியவர் முந்தைய சண்டையில் ஒலிவேராவை வென்ற சாருக்கியான்.

இதன் விளைவு ஒன்பது மாதம் கழித்துத் தெரிந்தது. 2025 ஜனவரி 18, யு.எஃப்.சி. 311. சாம்பியன் மகாச்சேவுடன் மோத வேண்டிய சாருக்கியான் முதுகு வலியால் முந்தின நாள் விலகினார். அவருக்குப் பதில் மொய்கானோ இறங்கி, முதல் சுற்றிலேயே தோற்றார். “யாருப்பா இந்த மொய்கானோ?” என்றான் என் மகன். சித்திரை முதல் நாள் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது டர்னரை வீழ்த்தினாரே, அவர்தான் என்றேன். ஒரே பிரிவு, ஒரே இரவு. ஒருவர் பெரிய மேடையில், இன்னொருவர் ஆளில்லாத நேரத்தில். நூல் பிடித்துப் பார்க்க வழியே வைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மொய்கானோ அங்கே எப்படித் தயாராக இருந்தார்? அதே இரவில் அதே எடையில் பெனீல் டாரியுஷுடன் மோதுவதாக இருந்தார். எடையும் குறைத்து வைத்திருந்தார். அதனால்தான் ஒரே நாளில் மாற்ற முடிந்தது. ஒரே எடையில் இரண்டு சண்டைகளைப் பக்கத்தில் வைப்பதன் பலன் இதுதான். அன்று அது திட்டமா தற்செயலா என்பது வேறு பேச்சு.

> ஆரம்பத்தில் இவ்வளவு குழப்பம் இருந்ததா?

இல்லை ஐயா. 1993 நவம்பர் 12, டென்வரில் நடந்த முதல் நிகழ்ச்சியில் எடைப்பிரிவே கிடையாது. எட்டுப் பேர், ஓர் இரவு, ஒரு வெற்றியாளர். ராய்ஸ் கிரேசி மூன்று பேரை வரிசையாக வென்றார். முரட்டுத்தனம்தான், ஆனால் புரியாதவர் யாரும் இல்லை. 1997-இல் 200 பவுண்டைக் கோடாக வைத்து இரண்டு பிரிவுகள் வந்தன. இன்று யு.எஃப்.சி.யில் ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 3. பிரிவு கூடியது வீரர்களுக்கு நல்லது, உயிருக்கே நல்லது. நிகழ்ச்சியின் அமைப்பு மட்டும் அதற்கேற்ப மாறவில்லை.

மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. பி.எஃப்.எல். என்ற இன்னொரு எம்.எம்.ஏ. நிறுவனம் 2018-இல் கிரிக்கெட் லீக் மாதிரி ஒரு பருவம் வைத்தது. 6 பிரிவுகள், பிரிவுக்கு 12 பேர். தொடக்கச் சுற்றில் ஒவ்வோர் இரவும் இரண்டு பிரிவுகளுக்கு ஒதுக்கப்பட்டது. வென்றால் 3 புள்ளி. முதல் சுற்றிலேயே முடித்தால் கூடுதலாக 3, இரண்டாம் சுற்றில் 2, மூன்றாம் சுற்றில் 1. டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் இறுதிப் போட்டிகள். ஒவ்வொரு பிரிவின் வெற்றியாளருக்கும் 10 லட்சம் டாலர். அட்டவணையை ஒரு தடவை பார்த்தால் போதும், யார் எங்கே நிற்கிறார் என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். 2025-இல் புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு நேரடி வெளியேற்றத்துக்கு மாறிவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான்.

டபிள்யூ.ஈ.சி. என்ற பழைய எம்.எம்.ஏ. நிறுவனம் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. யு.எஃப்.சி.யின் உரிமையாளர்கள் 2006 இறுதியில் அதை வாங்கியபின், கனமான பிரிவுகளைப் படிப்படியாக விட்டுவிட்டு 61, 66, 70 கிலோக்காரர்களின் களமாக்கினார்கள். ஜோசே ஆல்டோ அங்கேதான் பெயர் வாங்கினார். 2010 டிசம்பரோடு அது யு.எஃப்.சி.யில் கரைந்தது.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

> சண்டை அட்டை

வேண்டாம். மழைக்காலத்தில் காலில் ஏறுகிற அட்டைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அதுவும் சண்டைக்கார அட்டை.

> மோதல்தொகை. சங்கத் தொகைகள் போல.

இதை எழுதிய அம்மாவுக்கு ஒரு கும்பிடு. பாட்டின் நீளத்தை எடையாக எண்ணிப் பாருங்கள். குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. மூன்றும் அகப்பாட்டு, ஆனால் நாலடிக்காரனை முப்பது அடிக்காரனோடு ஒரே கோதாவில் இறக்கவில்லை. தம்பி கேட்கும் சீர்திருத்தத்தைத் தொகுத்தவர்கள் அன்றே செய்துவிட்டார்கள். இருந்தும் சொல்லை விடத்தான் வேண்டியிருக்கிறது. ‘பி.எஃப்.எல். தொகை’ என்று எழுதினால் படிப்பவர் 10 லட்சம் டாலரைத்தான் நினைப்பார். பரிசுத்தொகை முந்திக்கொண்டு நிற்கிற இடத்தில் மோதல்தொகை எடுபடாது.

> பந்தி. முதல் பந்தி, கடைசிப் பந்தி...

சிரித்துவிட்டேன். பிரிலிம்ஸ் எனப்படும் தொடக்கச் சண்டைகள் முதல் பந்தி, பெரிய சண்டைகள் வரும் மெயின் கார்டு கடைசிப் பந்தி. நம் பக்கத்துப் பழக்கம் நேர்மாறு: முக்கியமானவர்களை முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிடுவோம். போதாததற்கு இலங்கை நண்பர்களுக்குப் பந்தி என்றால் பத்தி.

> நிரல் என்றால் கணினி நிரல் அல்லவா? பள்ளிக் கணக்கில் வேறு நிரை, நிரல் இருக்கிறது.

இதுதான் கனமான மறுப்பு. இந்தக் குழுமத்தில் பாதிப் பேர் நிரலாளர்கள், அவர்களுக்கு உறுத்தும். ஆனால் கணிமைக்கு முன்பே நிகழ்ச்சி நிரல் இருந்தது, கல்யாணப் பத்திரிகை முதல் கட்சி மாநாடு வரை. அணியிலக்கணத்தில் நிரல்நிறை உண்டு. சொன்ன வரிசையிலேயே பொருளும் சேர வேண்டும் என்பதுதான் அதன் பிடி. ஃபைட் கார்டும் அதுதானே? எந்தச் சண்டை எதற்குப் பின் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. வெறும் ‘பட்டியல்’ என்றால் அந்த வரிசைப் பொருள் போய்விடும். ஆகவே மோதல்நிரல். கட்டுரைக்குள் ஒருதரம் சொல்லிவிட்டால் பிறகு நிரல் என்றே எழுதலாம்.

எல்லா எடையும் கலந்ததற்குக் ‘கலப்புநிரல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விளையாட்டின் பெயரே கலப்புத் தற்காப்புக் கலை என்று இருக்கும்போது இங்கேயும் கலப்பு வந்தால் எது எதோடு கலந்தது என்று விளக்க இன்னொரு இழை தொடங்க வேண்டிவரும். கதம்பநிரல் என்று வைக்கலாம். கதம்பம் குறையுள்ள சொல்லும் இல்லை. மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து சேர்ந்து கட்டினாலும் அழகுதான். எந்தப் பூ எங்கே என்று தேடினால்தான் சிரமம்.

ஓரிரு எடைக்கு மட்டும் ஒதுக்கியதற்கு வந்தவை: ஓரெடை நிரல், தனிப்பிரிவு நிரல், பிரிவுவாரி நிரல். மூன்றும் அந்த ஓர் இரவை விவரிக்கின்றன. மாற்றத்தின் கருத்து அது மட்டும் இல்லை. இந்த மாதம் 70 கிலோ, அடுத்த மாதம் 77, அதன்பின் 84, திரும்பவும் 70 எப்போது வரும் என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாயில் இதற்குச் சொல் இருக்கிறது: முறை. இன்று மேலமடை, நாளை நடுமடை, நாளன்றைக்குக் கீழமடை. ‘எங்க முறை எப்போ?’ என்று கேட்டால் பதில் உண்டு. பதில் இல்லாத வருஷம் வெட்டுக்குத்துதான். அதனால் முறைநிரல்.

முறைக்கு உறவுப் பொருளும் உண்டு, அதுவும் இங்கே பொருந்துகிறது. சாருக்கியான்தான் முறைமாப்பிள்ளை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முதுகு பிடித்துக்கொண்டது. பந்தலில் நின்ற இன்னொரு முறைக்காரர் மணையில் உட்கார்ந்தார். பந்தலில் முறைக்காரரே இல்லாவிட்டால் கல்யாணம் நின்றிருக்கும்.

> ஃபெதர்வெயிட் இறகு எடை, ஃப்ளைவெயிட் பறக்கும் எடை என்று பிரிவுப் பெயர்களையும் முடித்துவிடலாமா?

முதலில், அந்த ஃப்ளை பறப்பது இல்லை, ஈ. பாண்டம்வெயிட்டில் வரும் பாண்டம், ஜாவாவின் பாண்டன் துறைமுகத்துப் பெயரால் வந்த குட்டைக் கோழி. இதையெல்லாம் தமிழாக்கினால் சிரிப்பு வரும், தெளிவு வராது. காரணம் ஆங்கிலத்திலேயே தெளிவில்லை. 170 பவுண்டுக்கு யு.எஃப்.சி.யில் வெல்டர்வெயிட், சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப்பில் லைட்வெயிட். 205 பவுண்டுக்கு யு.எஃப்.சி.யில் லைட் ஹெவிவெயிட், ஒன்னிலும் பிரைட் என்ற பழைய ஜப்பானிய நிறுவனத்திலும் மிடில்வெயிட். நம் நாளிதழ்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டன. 2012 லண்டனில் மேரி கோம் வெண்கலம் வாங்கியது 51 கிலோவில். 2024 பாரிஸில் வினேஷ் போகட் இறுதிப் போட்டியை இழந்தது 50 கிலோவில், 100 கிராம் கூடியதால். டீக்கடையில் அந்தப் பிரிவின் ஆங்கிலப் பெயரை யாரும் கேட்கவில்லை. கிலோவே போதும்: 77 கிலோ பிரிவு, 93 கிலோ பிரிவு.

> எல்லாம் முறைநிரலானால் சலிக்காதா? ஒரே எடையை மூன்று மணி நேரம் யார் பார்ப்பது?

சலிக்கலாம். நுழைவுச்சீட்டு விற்பது பெரிய பெயர்களும் கனமான ஆட்களின் ஒற்றைக் குத்தும்தான் என்பதை மறுக்கவில்லை. அதனால் எண் போட்ட பெரிய நிகழ்ச்சிகள் கதம்பமாகவே இருக்கட்டும். மற்ற வாரங்களில் வரும் ‘ஃபைட் நைட்’ என்ற சிறிய நிகழ்ச்சிகளை முறைநிரலாக்கினால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பது என் கட்சி. இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப் போவதால்தான் இரண்டுக்கும் பெயர் தேடுகிறோம்.

அன்புடன்,
காப்பிக்காரன்

மறுமடல்:

ஐயா, வணக்கம். உங்கள் சொற்களைப் போட்டு அந்த இரண்டாவது பத்தியைத் திரும்ப எழுதிவிட்டேன்:

“யு.எஃப்.சி. 300 ஒரு கதம்பநிரல். 13 மோதல்களில் 70 கிலோ பிரிவுக்கு 4 இருந்தும் அவை சிதறிக் கிடந்தன. பி.எஃப்.எல். 2018-இல் முறைநிரலுக்கு மாறியது. ஓர் இரவுக்கு இரண்டு பிரிவுகள்.”

வாய்விட்டுப் படித்தேன், தடுக்கவில்லை. என் அம்மாவிடமும் காட்டினேன். விளையாட்டு எதுவும் தெரியாதவர், “முறைன்னா தண்ணி முறை மாதிரியா?” என்றார். அதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டாம். ஒரு சந்தேகம் மட்டும். ‘இன்டெரிம் சாம்பியன்’ வரும் இடத்தில் ‘இடைக்காலச் சாம்பியன்’ போடட்டுமா?

மறுமடல்:

போடுங்கள் தம்பி. சோழர் காலம், பாண்டியர் காலம், இடைக்காலம் என்று யாராவது வம்புக்கு வந்தால் அதைப் புது இழையில் வைத்துக்கொள்ளலாம். பிரிலிம்ஸுக்கு முன்நிரல் என்று போட்டுவிட்டுக் கட்டுரையை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் காப்பியோடு படிப்பேன்.