பீனட் பட்டர் உருண்டை: சாக்லேட் ஓடு விரிசல் விடுகிறது, எண்ணெய் கசிகிறது, மறுநாள் வெள்ளை பூக்கிறது. எங்கே தவறு?

கேள்வி

பீனட் பட்டர் உருண்டை பிடித்து டார்க் சாக்லேட்டில் முக்கி எடுக்கிறேன். அரை மணி நேரத்துக்குள் ஓடு மயிரிழை மாதிரி வெடிக்குது. அந்த வெடிப்பிலும், டூத்பிக் குத்திய ஓட்டையிலும் எண்ணெய் முத்து முத்தா கசியுது. மறுநாள் பார்த்தால் மேலே சாம்பல் வெள்ளையில் கோடு கோடா இருக்கு, கையில் பிசுபிசுன்னு ஒட்டுது.

அளவு: கடலையும் உப்பும் மட்டும் சேர்ந்த பீனட் பட்டர் 250 கிராம், வெண்ணெய் 60 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், வெனிலா ஒரு டீஸ்பூன். 12 கிராம் உருண்டைகளாகப் பிடித்து ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். 55% டார்க் சாக்லேட் 300 கிராமை டபுள் பாய்லரில் முழுசா உருக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் கலந்து, சூட்டோடு முக்கினேன். பிறகு இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ். இதில் எதை மாற்றணும்?

பதில் 1

வெடிப்புக்குக் காரணம் ஃப்ரீசர். உறைந்த பூரணம் அறைச் சூட்டுக்கு வரும்போது விரியும்; சாக்லேட்டோ இறுகும்போது சுருங்கும். உள்ளிருந்து ஒன்று தள்ள, வெளியிலிருந்து ஒன்று இறுக்கினால் மெல்லிய ஓடு தாங்காது. முக்கும் நேரத்தில் உருண்டை 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பிடிப்பதற்கு இளகினால் 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்து இன்னொரு 20 நிமிடம் விட்டுவிட்டு முக்குங்கள். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். உறைந்த உருண்டை மேல் ஈரம் படிவதும் கெடுதல்தான்: சொட்டுத் தண்ணீர் போதும், பாத்திரத்தில் உள்ள சாக்லேட் மொத்தமும் திரிந்து கெட்டியாகிவிடும்.

டூத்பிக்குக்குப் பதில் இரண்டு பல் முள்கரண்டி. உருண்டையைக் குத்தாமல் கீழிருந்து ஏந்தி எடுங்கள். பாத்திர விளிம்பில் நாலைந்து தடவை தட்டி, அடியை விளிம்பில் வழித்து, பட்டர் பேப்பரில் இறக்குங்கள். அடியில் பாதம் மாதிரி சாக்லேட் தேங்கினால், தட்டியது போதவில்லை அல்லது சாக்லேட் தளர்வாக இருக்கிறது.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் ஃப்ரீசரை நிறுத்தினால் மட்டும் கசிவு நிற்காது. எண்ணெய் பிரியும் வகை பீனட் பட்டரில் எண்ணெயைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. வெறும் கடலை எண்ணெய் அறைச் சூட்டில் திரவம், வெண்ணெயும் இளகும். 200 கிராம் சர்க்கரை இதைக் கட்டாது. கசியாவிட்டாலும் அந்த எண்ணெய் மெல்ல ஓட்டுக்குள் ஊறி, கோகோ பட்டரை (சாக்லேட்டில் உள்ள கோகோ கொட்டையின் கொழுப்பு) இளக்கி, சில வாரத்தில் வெள்ளை பூக்க வைக்கும்.

இரண்டு வழி உண்டு. எண்ணெய் பிரியாத, கெட்டித்த கொழுப்பு சேர்த்த பீனட் பட்டர் வாங்கினால் 250 கிராமுக்கு வெண்ணெய் 60, ஐசிங் சுகர் 250 முதல் 280 கிராம். இப்போது வைத்திருப்பதையே பயன்படுத்துவதானால் வெண்ணெயை விட்டுவிட்டு, கோகோ பட்டர் உள்ள வெள்ளை சாக்லேட் 100 கிராம் உருக்கி, இளஞ்சூடாக ஆறியதும் 250 கிராம் பீனட் பட்டரில் கலந்து, சலித்த பொடிச் சர்க்கரை 150 கிராம், உப்பு கால் டீஸ்பூன் சேருங்கள். உங்கள் பீனட் பட்டரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் ருசி பார்த்துப் பாதியாக்குங்கள். முதலில் கூழாக இருக்கும், பயந்து சர்க்கரையைக் கூட்ட வேண்டாம். அடிக்கடி கிளறி, குளிர்ந்த இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் கோகோ பட்டர் இறுகி உருண்டை பிடிக்க வரும். இரண்டாவது வழியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கடலை வாசனையும் தூக்கலாக இருக்கும். விரல்களுக்கிடையே அழுத்தினால் எண்ணெய் மினுக்கக் கூடாது, அதுதான் பதம்.

தேன், பால், க்ரீம் எதையும் பூரணத்தில் சேர்க்காதீர்கள். ஈரம் ஏறினால் கெடாமல் இருக்கும் நாள் குறைந்துவிடும்.

கேட்டவர்

பூரணம் புரிஞ்சது, நன்றி. வெள்ளைக் கோடு? டெம்பரிங் (உருக்கிய சாக்லேட்டை அளவான சூட்டுக்கு ஆற வைத்து, பளபளப்பா இறுக வைப்பது) செய்தே ஆகணுமா? என்னிடம் லேசர் தெர்மாமீட்டர் தான் இருக்கு.

பதில் 3

முதலில் எந்த வெள்ளை என்று பாருங்கள். வழவழப்பாக, விரலால் தேய்த்தால் உருகி மறைந்தால் கொழுப்பு பூத்தது. சொரசொரவென்று இருந்து, ஈர விரல் பட்டதும் கரைந்தால் சர்க்கரை பூத்தது. நீங்கள் சொன்னதில் இரண்டுமே நடந்திருக்கலாம்: சூட்டோடு முக்கியதால் கோகோ பட்டர் ஒழுங்காகப் படியாமல் கோடு, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்து வெளியே வந்ததும் ஓட்டின் மேல் வேர்த்துப் பிசுபிசுப்பு.

கோகோ பட்டர் உள்ள நிஜ சாக்லேட் என்றால் டெம்பரிங் தவிர்க்க முடியாது. 300 கிராமைப் பொடியாக நறுக்கி, 200 கிராமை மட்டும் 45 டிகிரிக்கு உருக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, மீதி 100 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே 31–32 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கரையாத துண்டு மிஞ்சினால் எடுத்துவிடுங்கள். சேர்க்கும் துண்டுகள் பளபளவென்று, உடைத்தால் படக்கென்று ஒடிவதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வெளுத்த கட்டி இதற்கு உதவாது. மில்க் சாக்லேட்டுக்கு 29–30.

லேசர் கருவி மேற்பரப்பை மட்டும்தான் அளக்கும். அடிவரை நன்றாகக் கிளறிவிட்டு உடனே அளந்தால் பரவாயில்லை. அதைவிட நம்பகமானது கத்திச் சோதனை: கத்தி நுனியில் மெல்லப் பூசி 20 டிகிரி அறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கோடின்றி மினுமினுப்பாக இறுகினால் முக்கலாம். வேலையின் நடுவில் கெட்டியானால் மைக்ரோவேவில் ஐந்தைந்து நொடி; 34 டிகிரி தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

பதில் 1

டெம்பரிங் வேண்டாமென்றால் காம்பவுண்ட் சாக்லேட் (கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது) எடுக்கலாம், 40–45 டிகிரியில் முக்கினால் போதும். ருசி குறைவுதான். அதை நிஜ சாக்லேட்டோடு கலக்கக் கூடாது. இரண்டு கொழுப்பும் ஒத்துப்போகாமல் இளகி வெளுக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன் வரை சேர்த்தால் குற்றமில்லை என்றே நினைக்கிறேன்.

பதில் 3

அதில் எனக்கு உடன்பாடில்லை. தேங்காய் எண்ணெயும் கோகோ பட்டரும் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியாக இருப்பதைவிட இளகும்; ஒடியும் தன்மை போய்விடும். எப்போதும் ஃப்ரிட்ஜில் வைத்துத் தின்பவருக்குச் சரி. வெளியே வைப்பதானால், சாக்லேட்டைத் தளர்த்துவதற்குக் கோகோ பட்டர் 10 கிராம் போடுங்கள், அதையும் உருக்கும்போதே.

இன்னொன்று. முக்குவதற்கு முன் உள்ளங்கையில் கொஞ்சம் டெம்பர் செய்த சாக்லேட் தடவி, உருண்டையை அதில் உருட்டி மெல்லிய முதல் பூச்சு கொடுங்கள். அது இறுகிய பிறகு முக்கினால் ஓட்டை விழாது, கசிவும் நிற்கும். கையுறை போட்டுக்கொண்டால் கைச்சூடு குறைவாக ஏறும்.

முக்கியதும் பத்து நிமிடம் மட்டும் ஃப்ரிட்ஜ், பிறகு காற்றுப் புகாத டப்பாவில் 15–18 டிகிரியில். ஃப்ரிட்ஜில்தான் வைக்க முடியும் என்றால் வெளியே எடுத்த டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள்.

கேட்டவர்

பாத்திரத்தில் மிஞ்சிய சாக்லேட்டில் பூரணத் துகள் கலந்திருக்கு. மறுபடி உருக்கி டெம்பர் பண்ணலாமா?

பதில் 2

துகளைச் சலித்தாலும் கடலை எண்ணெய் அதில் தங்கிவிடும், ஓட்டுக்கு மறுபடி இறுகாது. பிரவுனியிலோ அடுத்த தடவை பூரணத்திலோ சேர்த்துவிடுங்கள். வெடித்த உருண்டைகளையும் நறுக்கி அப்படியே பூரணத்தில் பிசையலாம், ருசிக்குக் குறைவில்லை.