பெங்களூர் டு சான் பிரான்சிஸ்கோ, உண்மையிலேயே எத்தன மணி நேரங்க?

ஏற்காட்டு_காபி:
வணக்கங்க. தங்கச்சி பிரசவத்துக்கு அம்மா ஜனவரில சான் பிரான்சிஸ்கோ போறாங்க, 68 வயசு, ஃப்ளைட்டே முதல் தடவை. நெட்ல பாத்தா பெங்களூர்ல இருந்து சுமார் 14,000 கிமீ, மணிக்கு 900னு வகுத்தா பதினஞ்சரை மணி நேரந்தான் வருது, ஆனா துபாய்ல மாறிப்போற டிக்கெட்ல 22 மணி நேரம்னு போட்டிருக்கு. மேப்ல கோடு வேற வட துருவத்து பக்கம் வளைஞ்சு போகுது, நேரா போகாம எதுக்கு இப்படி? நம்ம மலைல 20 கொண்டை ஊசி வளைவுக்கே எலுமிச்சம்பழத்த மோந்துகிட்டு தான் இறங்குவாங்க 😄

செவ்வாப்பேட்டை_மணி:
அது சுத்து இல்லங்க, அதான் குறுக்கு வழி. உங்க ஊர்ல ஆரஞ்சுக்கா பஞ்சம், ஒண்ண எடுத்து ரெண்டு ஊரையும் பேனால குறிச்சு நூல இறுக்கிப் பிடிங்க, நூலு தானா காம்பு பக்கம் ஏறிடும். உலகத்த தட்டையா விரிச்சதால தான் மேப்ல வளைஞ்சு தெரியுது.

துபாய் கணக்கு இப்படி. பெங்களூர்–துபாய் சுமார் 4, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 16, நடுவுல 2 காத்திருப்பு.

அப்புறம் கிமீய மட்டும் வச்சு நேரம் சொல்ல முடியாதுங்க, காத்து இருக்கே. மேல மேற்குல இருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு வேகமான காத்து அடிக்குது. 2016ல ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ ஃப்ளைட்ட அட்லாண்டிக் பக்கம் விடாம, அந்தக் காத்து பின்னாடி இருந்து தள்ளுற மாதிரி கிழக்க பசிபிக் பக்கமா திருப்பிட்டாங்க, 15,300 கிமீ, பழைய ரூட்ட விட 1,400 கிமீ கூட, ஆனா பதினாலரை மணி நேரத்துல போய் சேந்துச்சு, கிட்டத்தட்ட 2 மணி நேரம் மிச்சம். தொப்பூர் கணவாய்ல லோடு லாரி ஏறுறதையும் இறங்குறதையும் பாத்திருப்பீங்கல்ல, அதே கதை தான்.

ஓமலூர்_மாப்ள:
அண்ணே, ஆகாசத்த விடுங்க, தரைக்கணக்க போடுங்க. மலை இறங்க ஒரு மணி நேரம், சேலத்துல இருந்து தேவனஹள்ளிக்கு அஞ்சு, ஏர்போர்ட் ஊரத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கு. தொப்பூர்ல ஒரு லாரி கவுந்தா முடிஞ்சது. 3 மணி நேரம் முன்னாடி வேற போகணும்.

வீல்சேர் டிக்கெட் போடும்போதே சொல்லிடுங்க. எங்கம்மாவுக்கு ஏஜென்ட் போட மறந்துட்டான், இங்கிலீஷும் தெரியாம அவ்ளோ பெரிய ஏர்போர்ட்ல ஒரு தமிழ் பையன் பின்னாடியே ஓடி கேட்ட புடிச்சாங்க, கால் வீங்கிப் போச்சு. உள்ள நடைபாதை ஓரத்து சீட்டா கேளுங்க, அப்பப்ப எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க, தண்ணி நல்லா குடிக்கட்டும்.

ஏற்காட்டு_காபி:
ரொம்ப நன்றிங்க, வீல்சேருக்கு இப்பவே சொல்லிட்டேன். காலைல 10 மணிக்கு ஏறுனா அன்னிக்கே சாயங்காலம் ஆறரைக்கு இறங்கிடுவீங்கம்மான்னு டிக்கெட்ட காட்டுனேன், அங்க மணி பதிமூணரை மணி நேரம் பின்னாடி ஓடுதுன்னு சொல்றதுக்குள்ள அம்மா, "எட்டரை மணி நேரந்தானேடா, திருச்செந்தூர் போற நேரம், இதுக்கா இத்தன பேர்கிட்ட கேட்ட?"ங்குறாங்க.